64 ஆண்டெனா, 16 பயனர்: பெருக்கல்கள் எங்கே போகின்றன?

கேள்வி இதுதான்: அடிப்படை நிலையத்தில் 64 ஆண்டெனா, ஒரே நேரத்தில் 16 பயனர், 100 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம். ஒவ்வொரு பயனரின் சமிக்ஞையையும் அவரை நோக்கிக் குவிப்பது பீம்ஃபார்மிங்; மற்றவர்களிடம் அது சுழியமாகும்படி எடைகளைத் தேர்வது ஸீரோ ஃபோர்சிங் முறை. இதைச் செய்யும் நிரல் (program), பட்டையைக் கூறுபோடும் ஒவ்வொரு துணை ஊர்தி அலைக்கும் (சுருக்கமாகத் துணை அலை) ஒரு நேர்மாறு அணியைக் கண்டுபிடிக்கிறது, செயலி தாங்கவில்லை. நேர்மாறைத் தவிர்க்க நாய்மன் தொடர், கான்ஜுகேட் கிரேடியன்ட் என்று விடையைப் படிப்படியாக நெருங்கும் முறைகளைப் பற்றி ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

இப்போதைக்கு எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். நேர்மாறுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டே கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துப் பார்த்தால், நேர்மாறு இந்த விவகாரத்தில் கிட்டத்தட்ட நிரபராதி. ஒரு தாளை எடுத்துப் பெருக்கல்களை எண்ணிவிடலாம்.

வேலை நான்கு கட்டங்களாக நடக்கிறது. சேனல் அணியில் பயனருக்கு ஒன்றாக 16 நிரை, ஆண்டெனாவுக்கு ஒன்றாக 64 நிரல் (column). அதன் ஒவ்வொரு உறுப்பும் ஒரு கலப்பெண். ஓர் ஆண்டெனாவிலிருந்து கிளம்பும் அலை ஒரு பயனரை அடைவதற்குள் அதன் வீச்சும் கட்டமும் (phase, அலைச் சுழற்சியில் அது நிற்கும் இடம்) எப்படி மாறுகின்றன என்பதைச் சொல்வது. இந்த அணியை அதன் இணையெண் எடுத்த நிரை-நிரல் மாற்று அணியோடு பெருக்கினால் 16×16 அளவில் கிராம் அணி கிடைக்கும். இது முதல் கட்டம். கிராம் அணியை சோலெஸ்கி முறையில் இரண்டு முக்கோண அணிகளாகப் பிரிப்பது இரண்டாவது. அந்த முக்கோணங்களைக் கொண்டு 64×16 அளவுள்ள எடை அணியை உருவாக்குவது மூன்றாவது. அனுப்ப வேண்டிய ஒவ்வொரு தரவுத் திசையனையும் (16 பயனருக்கும் ஒரே நேரத்தில் போகும் 16 எண்கள்) அந்த எடை அணியால் பெருக்கி 64 ஆண்டெனாக்களுக்கும் பகிர்ந்தளிப்பது நான்காவது.

கலப்பெண் பெருக்கல்களை மட்டும் எண்ணுவோம். கிராம் அணியில் மூலைவிட்டத்துக்கு மேலே உள்ளதன் இணையெண்தான் கீழே வருகிறது என்பதால் பாதியைக் கணக்கிட்டால் போதும்: 64×136, அதாவது 8,704. சோலெஸ்கிப் பிரிப்புக்கு 16-இன் மூன்றாம் படியில் ஆறில் ஒரு பங்கு, சுமார் 683. எடை அணிக்கு 64×256, அதாவது 16,384. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 25,800. இதில் எல்லோரும் பயப்படுகிற அந்த இரண்டாம் கட்டத்தின் பங்கு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அதைச் சுழியமாகவே ஆக்கிவிட்டாலும் உங்கள் செயலிக்கு மூச்சு விட இடம் கிடைக்காது.

பின் ஏன் இத்தனை கட்டுரைகள் நேர்மாறையே துரத்துகின்றன? "மூன்றாம் படி" என்ற சொல் கண்ணை உறுத்துகிறது. ஆனால் அது பயனர் எண்ணிக்கையின் மூன்றாம் படி. ஆண்டெனா எண்ணிக்கை பயனர் எண்ணிக்கையைப் போல நான்கு மடங்கு இருக்கும்போது, ஆண்டெனாவைப் பயனரின் இருபடியால் பெருக்கும் கட்டங்கள்தான் பெரிதாக இருக்கும். நானும் ஒரு காலத்தில் சோலெஸ்கி நிரலை வாரக்கணக்கில் செதுக்கியவன். அதன் நேரத்தைப் பாதியாக்கினேன். மொத்த நேரம் இம்மியும் அசையவில்லை.

ஒரே ஒரு சூழலில் நேர்மாறு உண்மையிலேயே குற்றவாளி: தவறான பக்கத்திலிருந்து நேர்மாறு எடுத்திருந்தால். இரைச்சலையும் கணக்கில் கொள்ளும் வகையை, அதாவது மூலைவிட்டத்தில் ஒரு சிறு எண்ணைக் கூட்டும் வகையைப் பாடநூல் வாய்பாட்டிலிருந்து அப்படியே எழுதினால், சில சமயம் 64×64 அணி வந்து நிற்கும். அதையே 16×16 அணியாக மாற்றி எழுத ஓர் எளிய அணிச் சமன்பாடு இருக்கிறது. விடை துல்லியமாக அதேதான், தோராயம் ஏதுமில்லை. பிரிப்புக்கான செலவு 43,000 சொச்சத்திலிருந்து 683-க்கு இறங்கும். உங்கள் நிரலில் இது நேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இனி இந்தக் கணக்கை எத்தனை முறை செய்கிறீர்கள் என்ற கேள்வி. அசல் சுமை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 5ஜி-யில் 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியோடு 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் 273 ரிசோர்ஸ் பிளாக், ஒவ்வொன்றிலும் 12 துணை அலை, மொத்தம் 3,276. அரை மில்லிநொடிக்கு ஒரு ஸ்லாட் என்ற நேரத்துண்டு, அதில் 14 சிம்பல் (தரவு அனுப்பும் மிகச் சிறிய நேர அலகு). நொடிக்கு 28,000 சிம்பல். எல்லா ஸ்லாட்டும் பயனரை நோக்கி அனுப்புவதற்கே என்று கொஞ்சம் மிகையாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துணை அலைக்கும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எடை அணியைப் புதிதாகக் கணக்கிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 16,900 கோடிப் பெருக்கல்கள். நீங்கள் செய்துகொண்டிருப்பது இதுதான்.

ஆனால் பக்கத்துப் பக்கத்துத் துணை அலைகளின் சேனல் அவ்வளவாக வேறுபடுவதில்லை. முதலில் வரும் எதிரொலிக்கும் கடைசியில் வரும் எதிரொலிக்கும் 300 நானோநொடி இடைவெளி, அதாவது பாதை நீளத்தில் 90 மீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள். ஒரு ரிசோர்ஸ் பிளாக்கின் அகலம் 360 கிலோஹெர்ட்ஸ். அந்த அகலத்துக்குள் கடைசி எதிரொலியின் கட்டம் முதலாவதோடு ஒப்பிடும்போது 39 பாகை திரும்பும். நடுவிலிருந்து பார்த்தால் இரு ஓரங்களிலும் 19 பாகை சொச்சம். அந்தக் கடைசி எதிரொலி பெரும்பாலும் பலவீனமானதும்கூட. ஆக, பிளாக் ஒன்றுக்கு ஒரே எடை அணி போதும் என்று வைத்துக்கொண்டால் பெரிய இழப்பு வராது. நொடிக்கு 16,900 கோடி என்பது 1,400 கோடியாகிவிடும். இதற்கு எந்தப் புதிய வழிமுறையும் தேவைப்படவில்லை, நிரலில் ஒரு சுழற்சியின் (loop) எல்லையை மாற்றினாலே போதும். எதிரொலிகள் நீண்டு பரவும் இடங்களில் இது கடிக்கும். அங்கே இரண்டு பிளாக் எல்லைகளுக்கு நடுவே எடைகளை இடைக்கணிப்புச் செய்யலாம். ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு பயனரின் பொதுவான தாமதத்தையும் கழித்துவிடுங்கள். கழிக்காமல் இடைக்கணித்தால் கட்டம் சுற்றிக்கொண்டு வந்து விடையைக் கெடுக்கும். இது பலரும் சறுக்குகிற இடம்.

நேரத்திலும் இதே போன்ற வீண்செலவு இருக்கிறது. 3.5 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் எட்டரை சென்டிமீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அதில் கால் பங்கைக் கடக்கச் சுமார் 26 மில்லிநொடி ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறவருக்கு முக்கால் மில்லிநொடிதான். நடப்பவருக்காக அரை மில்லிநொடிக்கு ஒருமுறை எடையைப் புதுப்பிப்பதில் அர்த்தமில்லை. இன்னொன்று: பயனரின் கருவி அனுப்பும் சோதனைச் சமிக்ஞை வந்தால்தான் சேனல் மதிப்பீடு புதிதாகும். அது 10 மில்லிநொடிக்கு ஒருமுறை வருகிறது என்றால், இடையில் உள்ள 20 ஸ்லாட்டுகளிலும் நீங்கள் பழைய சேனலை வைத்துக்கொண்டுதான் திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறீர்கள்.

"ஆனால் யாருக்கு எப்போது அனுப்புவது என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வேறு 16 பேரைத் தேர்ந்தெடுக்கிறதே" என்பீர்கள். சரிதான். அதற்கு எனக்குப் பிடித்த ஒரு தந்திரம் உண்டு. காத்திருக்கும் பயனர்கள் 32 பேர் என்றால், 32×32 கிராம் அணியை மதிப்பீடு புதிதாகும்போது ஒரே ஒரு முறை கணக்கிட்டு வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தேர்வான 16 பேருக்குரிய நிரைகளையும் நிரல்களையும் அதிலிருந்து பொறுக்கி எடுத்தால் அதுவே அந்த ஸ்லாட்டின் கிராம் அணி. ஒரு பெருக்கல்கூடத் தேவையில்லை. முதல் கட்டத்தின் செலவு நொடிக்கு 475 கோடியிலிருந்து 90 கோடி அளவுக்கு வந்துவிடும். யாரை யாரோடு சேர்த்தால் குறுக்கீடு அதிகம் என்பதும் அந்தப் பெரிய அணியிலேயே எழுதியிருக்கிறது, எனவே ஷெட்யூலருக்கும் அது பயன்படும். ஒரு பயனர் புதிதாகச் சேர்ந்தால் சோலெஸ்கி முக்கோணத்தின் அடியில் ஒரு நிரையை மட்டும் நீட்டலாம். முழுவதையும் மறுபடி பிரிக்க வேண்டாம்.

மூன்றாம் கட்டத்துக்கு வருவோம். எடை அணியை உருவாக்கித்தான் ஆக வேண்டுமா? இன்னொரு வழி, ஒவ்வொரு தரவுத் திசையனையும் முதலில் இரண்டு முக்கோண அணிகளுக்கு எதிராகத் தீர்த்துவிட்டு, பிறகு சேனல் அணியின் மாற்று அணியால் பெருக்குவது. அப்போது 16,384 என்ற ஒரே தடவைச் செலவு மறைந்துபோகும். பதிலாகத் திசையன் ஒன்றுக்கு 256 கூடும். இரண்டும் சமமாகும் இடம் 64 திசையன்கள், அதாவது சரியாக ஆண்டெனாக்களின் எண்ணிக்கை. ஓர் எடை அணியை எத்தனை திசையன்கள் பகிர்ந்துகொள்கின்றனவோ, அந்த எண் ஆண்டெனா எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருந்தால் எடை அணியை உருவாக்குங்கள். சிறிதாக இருந்தால் உருவாக்காதீர்கள். ரிசோர்ஸ் பிளாக்குக்கு ஒன்று என்றால் 12×14, அதாவது 168 திசையன்கள் பகிர்கின்றன. எனவே உருவாக்குவதுதான் லாபம். உங்கள் தற்போதைய நிரலைப் போலத் துணை அலைக்கு ஒன்று என்றால் பகிர்வது வெறும் 14. அங்கே எடை அணியை எழுதுவதே நஷ்டம்.

இப்போது நாய்மன் தொடரை எடுத்துக்கொள்ளலாம். கிராம் அணியில் மூலைவிட்டம் பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் இருந்தால், நேர்மாறை ஒரு தொடராக விரிக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. இரண்டு உறுப்புகளோடு நிறுத்தினால் செலவு மிகக் குறைவு. மூன்றாவது உறுப்பைச் சேர்த்த உடனே ஒரு முழு அணிப் பெருக்கல் வந்துவிடும். சமச்சீரைப் பயன்படுத்தினாலும் சுமார் 2,000 பெருக்கல்கள். சோலெஸ்கி வழியாக நேர்மாறை முழுவதும் துல்லியமாக எழுதவே 2,048 போதும். ஒரே விலைக்குத் துல்லியத்தை விட்டுவிட்டு எதற்குத் தோராயத்தை வாங்க வேண்டும்?

அதைவிடப் பெரிய சிக்கல், தொடர் ஒருங்குமா, அதாவது சரியான விடையை நெருங்குமா என்பது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சீரற்ற சேனலில், கிராம் அணியை ஆண்டெனா எண்ணிக்கையால் வகுத்தால் அதன் மிகப் பெரிய ஐகன் மதிப்பு (அந்த அணி ஒரு திசையனை அதிகபட்சம் எத்தனை மடங்கு நீட்டும் என்ற எண்), பயனருக்கும் ஆண்டெனாவுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டி இருபடி எடுத்தால் வருவது. அது 2-க்குக் கீழே இருந்தால்தான் மூலைவிட்டத்திலிருந்து தொடங்கும் தொடர் ஒருங்கும். அதற்குப் பயனர் ஒருவருக்கு 5.83 ஆண்டெனாவாவது வேண்டும். உங்களிடம் இருப்பது 4. ஐகன் மதிப்பு 2.25, ஒவ்வொரு உறுப்பும் பிழையை 1.25 மடங்காக ஊதிப் பெருக்கும். உறுப்புகளைக் கூட்டக் கூட்ட விடை மோசமாகும். தொடக்கப் புள்ளியைத் தகுந்த எண்ணால் அளவு மாற்றி ஒருங்க வைக்கலாம்தான். அப்போதும் பிழை ஒரு படிக்கு 0.8 மடங்காக மட்டுமே குறையும். நத்தை வேகம்.

கான்ஜுகேட் கிரேடியன்ட் இதைவிட மேல். அதன் பிழை ஒரு சுற்றுக்குக் குறையும் விகிதம், அதே சீரற்ற சேனலில், பயனர்-ஆண்டெனா விகிதத்தின் வர்க்கமூலம்தான்: உங்களுக்கு 0.5. நான்கு சுற்றில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் ஒரு சுற்றின் விலை என்ன? 256 பெருக்கல், சோலெஸ்கி முக்கோணங்களைக் கொண்டு ஒரு திசையனைத் துல்லியமாகத் தீர்ப்பதற்கும் அதே 256. ஆக, இந்த முறை மிச்சப்படுத்துவது ஒருமுறை செலவாகும் அந்த 683-ஐ மட்டுமே. ஒன்றிரண்டு திசையன்களுக்கு மட்டும் விடை வேண்டும், கிராம் அணியையே உருவாக்கத் தேவையில்லை என்கிற நிலையில் இது நல்ல தேர்வு. ஓர் அணியை 168 திசையன்கள் பகிரும் இடத்தில் இதற்கு வேலையில்லை.

இந்த முறைகளுக்காக ஒரு வார்த்தை பரிந்தும் பேச வேண்டும். சோலெஸ்கியில் வர்க்கமூலமும் வகுத்தலும் வருகின்றன. அணியின் ஒரு நிரல் (column) முடிந்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். சில்லு வடிவமைப்பாளருக்கு இது தலைவலி. அணிப் பெருக்கலோ எளிதில் இணையாக ஓடும். எனவே பெருக்கல் எண்ணிக்கை கூடினாலும் நேரம் குறையலாம் என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் உங்களிடம் ஒன்றையொன்று சாராத 273 அணிகள் காத்திருக்கின்றன. ஓர் அணி வகுத்தலுக்காகக் காத்திருக்கும் வேளையில் அடுத்த அணியை உள்ளே தள்ளினால் காத்திருப்பு மறைந்துவிடும். வர்க்கமூலம் வேண்டாம் என்றால் மூலைவிட்டத்தைத் தனியே பிரித்து வைக்கும் வகை இருக்கிறது.

இத்தனையும் செய்த பிறகு என்ன மிஞ்சுகிறது? நான்காம் கட்டம். திசையன் ஒன்றுக்கு 64×16, அதாவது 1,024 பெருக்கல். நொடிக்கு 9,400 கோடி. எடையைக் கணக்கிடுவதற்கான 1,400 கோடி இதன் பக்கத்தில் சிறுவனைப் போல நிற்கிறது. நேர்மாறைப் பற்றி எத்தனை புத்திசாலித்தனம் காட்டினாலும் இந்த 9,400 கோடியைத் தொட முடியாது. ஒவ்வொரு சிம்பலிலும் ஒவ்வொரு துணை அலையிலும் நடந்தே தீர வேண்டிய பெருக்கல் இது.

இதைக் குறைக்க ஆண்டெனாக்களிலிருந்து கற்றைகளுக்கு, அதாவது ஒவ்வொரு திசையிலும் குவியும் அலைகளுக்கு, மாற வேண்டும். ஆண்டெனாக்கள் சீரான இடைவெளியில் வரிசையாக இருந்தால், அவற்றின் மீது எஃப்எஃப்டி (விரைவு ஃபூரியர் உருமாற்றம்) எடுப்பதும் வெவ்வேறு திசைகளில் கற்றைகளை அமைப்பதும் ஒன்றே. 64 ஆண்டெனா கொண்ட பலகை பெரும்பாலும் 4 நிரை, 8 நிரல், 2 முனைவாக்கம் (அலை அதிரும் திசை) என்ற அமைப்பில் இருக்கும். அப்போது இரண்டு 32-புள்ளி எஃப்எஃப்டி, மொத்தம் 160 பெருக்கல். கற்றை வெளியில் பார்த்தால் ஒரு பயனரின் ஆற்றல் சில கற்றைகளுக்குள் குவிந்திருக்கும். பயனருக்கு 8 கற்றை போதும் என்று வைத்தால் 128 பெருக்கல். எஃப்எஃப்டியோடு சேர்த்து 288. 1,024-இல் கால் பங்கைவிடச் சற்று அதிகம். வெட்டி எறிந்த கற்றைகளில் கசிவது மற்றவருக்குக் குறுக்கீடாகும். எனவே சுற்றிலும் சிதறல் நிறைந்த சூழலில், முக்கியமாகக் கட்டடங்களுக்கு உள்ளே, 8 என்பது போதாமல் போகலாம். அதிக அதிர்வெண்களில், சிதறல் குறைவாக இருக்கும் இடங்களில், இதுவே முதல் தேர்வு.

கற்றைகளை எண்முறையில் அல்லாமல் கட்டமாற்றிகளைக் கொண்டு அனலாக் பகுதியிலேயே அமைப்பது ஹைபிரிட் முறை. தரவு ஓடைகளின் எண்ணிக்கையைப் போல இருமடங்கு ரேடியோ சங்கிலிகள் (எண்முறைத் தரவை ரேடியோ அலையாக்கும் மின்சுற்று வரிசைகள்) இருந்தால், கட்டமாற்றிகளை மட்டும் வைத்தே முழு எண்முறை எடை அணி ஒன்றைத் துல்லியமாக அமைக்கலாம் என்பது நிறுவப்பட்ட முடிவு. அதில் "ஒன்றை" என்பதைக் கவனியுங்கள். கட்டமாற்றியின் அமைப்பு எல்லாத் துணை அலைகளுக்கும் பொதுவானது. 3,276 துணை அலைகளுக்கும் தனித்தனி எடை வேண்டுமென்றால் அந்த உத்தரவாதம் இல்லை. 16 பயனருக்கு இருமடங்கு என்றால் 32 சங்கிலி, 64-இல் பாதி. மில்லிமீட்டர் அலைகளில் ஆண்டெனாக்கள் நூற்றுக்கணக்கில் போகும்போது ஹைபிரிட் முறைக்கு மாற்று இல்லை. உங்கள் அளவில் எனக்கு அதில் ஆர்வமில்லை.

பெருக்கலை எங்கே செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். எடைப் பெருக்கலை மையச் செயலியில் செய்தால், 64 ஆண்டெனாக்களுக்கான மாதிரிகளும் ஒளியிழை வழியாக ரேடியோ அலகுக்குப் போக வேண்டும். மாதிரிக்கு 32 பிட் என்றால் நொடிக்கு சுமார் 188 ஜிகாபிட். ரேடியோ அலகிலேயே பெருக்கினால் 16 ஓடைகள் மட்டும் போகும்: 47 ஜிகாபிட். பெருக்கல்களின் எண்ணிக்கை மாறாது, ஆனால் பல அமைப்புகளில் முதலில் மூச்சடைப்பது செயலி அல்ல, இந்த இழைதான்.

நேர்மாறே வேண்டாம், ஒவ்வோர் ஆண்டெனாவும் தன் சேனலின் இணையெண்ணால் பெருக்கினால் போதும் என்ற எளிய முறையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாமஸ் மார்செட்டா 2010-இல் எழுதிய ஆய்வு, ஆண்டெனாக்கள் எல்லையின்றிப் பெருகும்போது இந்த எளிய முறையிலேயே செல்லுக்கு (ஒரு நிலையம் சேவை தரும் பகுதிக்கு) உள்ளே உள்ள குறுக்கீடு தானாக மறைந்துவிடும் என்று காட்டியது. 2012-இல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய ஆர்கோஸ் என்ற 64 ஆண்டெனா அமைப்பும், எடைகளை அந்தந்த ஆண்டெனாவின் அருகிலேயே கணக்கிட முடிகிற இதன் வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் 64 என்பது எல்லையின்மை அல்ல. 64-க்கு 16 என்ற விகிதத்தில், ஆற்றலை எவ்வளவு கூட்டினாலும் சமிக்ஞைக்கும் குறுக்கீட்டுக்கும் உள்ள விகிதம் 4-ஐ, அதாவது 6 டெசிபலை ஒட்டியே நின்றுவிடும். ஸீரோ ஃபோர்சிங்கில் 64-க்குப் பதில் 48 ஆண்டெனாவின் ஆதாயம்தான் கிடைக்கும், ஆனால் அந்த உச்சவரம்பு இல்லை. செல்லின் ஓரத்தில், இரைச்சலே பெரிதாக இருக்கும் பயனர்களுக்கு எளிய முறை பரவாயில்லை. மேலும், அது மிச்சப்படுத்துவது முதல் மூன்று கட்டங்களை மட்டுமே. 9,400 கோடி அப்படியே இருக்கும்.

ஸீரோ ஃபோர்சிங்கைத் தாண்டி, மொத்த வேகத்தை உச்சமாக்கும் எடைகளைத் தேட விரும்பினால், சுற்றுச் சுற்றாக மேம்படுத்தும் டபிள்யூ-எம்எம்எஸ்இ போன்ற முறைகள் உண்டு. நேரடியாக எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் 64×64 அணி வந்து மிரட்டும். மொத்த ஆற்றலுக்கு மட்டும் வரம்பு இருக்கும்போது, சிறந்த எடைகள் எப்போதும் பயனர்களின் சேனல் திசையன்கள் பரப்பும் வெளிக்குள்ளேயே இருக்கும். அதற்கு வெளியே செலுத்தும் ஆற்றல் யாரையும் சென்றடையாது. எனவே தேடலை 64 பரிமாணத்திலிருந்து 16-க்குச் சுருக்கிவிடலாம். நரம்பு வலையைப் பயிற்றுவிக்க நினைப்பவர்களும் இதையே செய்ய வேண்டும்: 64×16 கலப்பெண்களை வலையிடம் கேட்காமல், பயனருக்கு ஓர் ஆற்றலும் ஒரு முன்னுரிமை எண்ணும் மட்டும் கேட்டால், மீதியை வாய்பாடு தரும்.

கடைசியாக, மேலே நான் சொன்ன ஒருங்கல் கணக்குகள் எல்லாம் தொடர்பில்லாத சீரற்ற சேனல்களுக்கானவை. நேர்பார்வைப் பாதையில் இருவர் தோளோடு தோள் நின்றால் அவர்களுடைய சேனல் நிரைகள் ஏறக்குறைய ஒன்றே. கிராம் அணி கிட்டத்தட்ட நேர்மாறற்றதாகிவிடும். அப்போது சுற்று முறைகள் ஊர்ந்துபோகும், 16 பிட் எண்களில் சோலெஸ்கியின் துல்லியமும் கரையும், எடைகள் ஆற்றலை வீணாக விழுங்கும். மூலைவிட்டத்தில் இரைச்சல் அளவுக்கு ஒரு சிறு எண்ணைக் கூட்டுவது நிலைமையைக் கொஞ்சம் தணிக்கும். அதைவிட மலிவான வழி, அந்த இருவரையும் ஒரே ஸ்லாட்டில் சேர்க்காமல் இருப்பது. 32×32 அணியில் அவர்கள் சந்திக்கும் உறுப்பின் அளவை இருவரின் மூலைவிட்ட எண்களோடு ஒப்பிட்டாலே ஷெட்யூலருக்குத் தெரிந்துவிடும்.